இறங்கி வரவும் தெம்பு வேண்டும்!

அறுபதைத் தாண்டிய பிறகு மலையேற நினைப்பவர்கள் எப்படித் தயாராவது, பையில் எதையெல்லாம் வைப்பது? திருக்கழுக்குன்றத்தை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

திருக்கழுக்குன்றம் மலையடிவாரம். பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. பௌர்ணமி கிரிவலம் முடித்தவர்களில் பாதிப் பேர் பேருந்து நிலையம் பக்கம் நடக்க, மீதிப் பேர் படிக்கட்டுப் பக்கம் திரும்புகிறார்கள். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய தம்பதி ஒன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறது. அந்த அம்மாள் மஞ்சப்பையைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். தேங்காய் இரண்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு, நல்லெண்ணெய் பாட்டில், அகல் விளக்குகள், பிரசாதம் வாங்க ஓர் எவர்சில்வர் தூக்கு. தண்ணீர் மட்டும் அரை லிட்டர்.

“மாத்திரை எங்க?” என்கிறார் கணவர்.

“வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு வீட்லயே வெச்சுட்டேங்க. சாமி பார்த்துட்டு வந்து, சாப்பிட்டுப் போட்டுக்கலாம்.”

அவர் தலையாட்டிவிட்டு முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். எதிரே 565 படிகள்.

மலை அடிவாரங்களில் தினமும் நடக்கிற காட்சிதான் இது. பைக்குள் சாமிக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. அதைச் சுமந்து போகிறவருக்கு வேண்டியது எதுவும் இல்லை. வயதானவர்கள் மலையேறுவதில் தவறே கிடையாது. ஏற முடிந்தவர்கள் ஏறத்தான் வேண்டும். ஆனால், ‘மேலே போய்ச் சேர்ந்தால் போதும்’ என்ற நினைப்போடு மட்டும் கிளம்பக் கூடாது. பத்திரமாக இறங்கி வீடு வந்து சேர்வது வரைக்கும் யோசித்துத்தான் பையைக் கட்ட வேண்டும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

திருக்கழுக்குன்றத்து வேதகிரீஸ்வரர் மலைக்கு முதியவர்கள் வருவது புதிதல்ல. நால்வர் பாடிய தலம் இது. நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் அமுது உண்டு போன காலத்தில், அதைப் பார்ப்பதற்காகவே தாத்தா, பாட்டிகள் மூச்சு வாங்க ஏறினார்கள். கழுகு வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன, ஏறுகிறவர்கள் குறையவில்லை.

மாறியிருப்பது முதியவர்களின் நடமாட்டம். 60 முதல் 70 வயது வரையுள்ளவர்களை அறுபடை வீடுகளுக்குக் கட்டணமின்றி அழைத்துச் செல்லும் திட்டத்தை இந்து சமய அறநிலையத் துறை 2024-இல் தொடங்கியது. ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை 2023 நவம்பரில் மக்கள் நல்வாழ்வுத் துறை அறிமுகப்படுத்தியது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வளர்ந்திருக்கும் குடியிருப்புகளில் பணி ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். கையில் நேரம் இருக்கிறது. மனதில் ஆசையும் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள்தான், “இந்த வயசுல எதுக்குப்பா?” என்கிறார்கள்.

அந்தக் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்கலாம்: “என்ன தயார் பண்ணியிருக்கீங்கப்பா?”

பை கட்டுவதற்கு 3 மாதம் முன்பே

ஐம்பதைத் தாண்டிய பிறகு தசை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. முதலில் பலம் குறைவது தொடையிலும் இடுப்பிலும். படியேற உதவுவதும், இறங்கும்போது உடம்பைத் தாங்குவதும் அந்தத் தசைகள்தான். நல்ல செய்தி என்னவென்றால், எழுபதிலும் பயிற்சிக்குத் தசை பலன் தரும்.

65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் 3 நாளாவது, தடுமாறாமல் நிற்கவும் தசைக்குப் பலம் சேர்க்கவும் பயிற்சி. நம்மவர்களில் பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். செங்கல்பட்டு கொளவாய் ஏரிப் பக்கமோ, வீட்டு மொட்டை மாடியிலோ தினமும் அரை மணி நேரம் நடக்கிறவர், மலைக்கும் அது போதும் என்று நினைக்கிறார். சமதளத்தில் நடப்பது இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது. படி இறங்கும் பலம் அதில் முழுதாகக் கிடைக்காது.

அதற்குப் படியில்தான் பழக வேண்டும். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு மாடி ஏறி இறங்குவதில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகலாம். இறங்கும்போது வேகம் வேண்டாம். நிதானமாகக் காலை வைக்கும்போதுதான் தொடைத் தசை வேலை செய்யும். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பதை, பல் தேய்க்கும் நேரத்திலேயே பழகிக்கொள்ளலாம். கடைசி மாதத்தில், மலைக்குக் கொண்டுபோகப் போகும் அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிப் பாருங்கள். பட்டை எங்கே உறுத்துகிறது, கனம் தாங்குகிறதா என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

முட்டி தேய்மானம், இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்களும், ஸ்டென்ட் வைத்தவர்களும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ‘மலையேறலாமா?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘565 படி, வெறுங்காலில், கடலோரப் புழுக்கத்தில் ஏறப் போகிறேன்’ என்று விவரமாகச் சொன்னால், தேவையான பரிசோதனை எது என்பதை அவர் முடிவு செய்வார்.

[பெட்டிச் செய்தி] நாற்காலிச் சோதனை

உங்கள் கால் பலத்தை வீட்டிலேயே அறிய எளிய வழி. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே மடக்கிக்கொள்ளுங்கள். 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்கட்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தந்திருக்கும் அளவுகளின்படி, கீழே உள்ள எண்ணிக்கைக்குக் குறைந்தால் விழும் அபாயம் கூடுதல்.

● 60–64 வயது: ஆண் 14, பெண் 12
● 65–69 வயது: ஆண் 12, பெண் 11
● 70–74 வயது: ஆண் 12, பெண் 10
● 75–79 வயது: ஆண் 11, பெண் 10

எண்ணிக்கை குறைந்தவர்கள் ஆசையை விட வேண்டியதில்லை. மலைக்குக் குறித்த தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுப் பயிற்சியைத் தொடருங்கள்.

சின்னதிலிருந்து பெரியதுக்கு

படிப்படியாகப் பழகச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே வசதி இருக்கிறது. முதலில் மாமல்லபுரம். பழைய கலங்கரை விளக்கமும் மகிஷாசுரமர்த்தினி குகையும் இருக்கும் பாறைக்குன்று அதிக உயரமில்லை, காலணியோடு நடக்கலாம், நினைத்த இடத்தில் உட்காரலாம். ஆனால் வழவழத்த கருங்கல், சீரில்லாத படிகள், பல இடங்களில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. தடுமாறாமல் நடக்கப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம்.

கடற்கரை மணலிலும் நடந்து பழகலாம். தளர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது. ஆகவே அலை நனைத்து இறுகிய மணலில் தொடங்கி, போகப் போக உலர்ந்த மணலுக்கு மாறுங்கள். கரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஒரே திசையில் நடந்தால் இடுப்பு வலிக்கும். போன தூரம் திரும்பியும் நடந்தால் இரண்டு கால்களுக்கும் பாரம் சமமாகும்.

அடுத்து திருப்போரூர் பிரணவ மலை. கந்தசாமி கோயிலுக்கு வருகிறவர்கள் ஏறிப் பார்க்கும் சிறு குன்று. அதன்பின் திருநீர்மலை, ரங்கநாதரைத் தரிசிக்க முழுக்கப் படியேற வேண்டும். இந்த இரண்டும் சிரமமில்லாமல் முடிந்தால், சுமார் 500 அடி உயரமுள்ள திருக்கழுக்குன்றத்துக்கு நாள் குறிக்கலாம்.

செருப்பில்லாத மலை

மலையேற்றம் பற்றிய ஆலோசனைகளில் முதல் வரியே நல்ல ஷூ வாங்குங்கள் என்பதாகத்தான் இருக்கும். நம்முடைய மலைகளில் பெரும்பாலானவை கோயில் மலைகள். செருப்பு அடிவாரத்தோடு நின்றுவிடும். வெறுங்காலில் ஏறுவது பக்தி. அதைக் கைவிடச் சொல்லவில்லை. காலைக் காப்பாற்றச் சொல்கிறோம்.

நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். சுட்டாலும் தெரியாது, கல் குத்தினாலும் தெரியாது. சித்திரை வெயிலில் காய்ந்த கருங்கல் படியில் நின்று வரிசையில் காத்திருப்பவருக்கு, வீட்டுக்குப் போய்ப் பாதத்தைப் பார்த்தால்தான் கொப்புளம் இருப்பதே தெரியும். அது புண்ணாகி, ஆறாமல், விரலையோ பாதத்தையோ எடுக்கிற வரைக்கும் போன குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை!

செய்ய வேண்டியது கடினமானதல்ல. காலையில் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடும்படி கிளம்புங்கள். கோயில் அனுமதிக்கும் இடத்தில் தடித்த பருத்தி சாக்ஸ் அணியுங்கள். கல் ஈரமாக இருந்தால் சாக்ஸ் வழுக்கும், கழற்றிவிடுங்கள். கீழே வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் கண்ணால் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு ஒரு சின்னக் கண்ணாடி போதும். வீட்டுக்காரரோ மகளோ பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. உணர்வு முற்றிலும் போனவர்களும், ஏற்கெனவே புண் உள்ளவர்களும் வெறுங்காலில் ஏறவே கூடாது. அவர்கள் அடிவாரத்தில் இருக்கும் பக்தவத்சலேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரலாம்; மலையைச் சாமியாகவே கும்பிடுகிற ஊர் இது.

விரதமும் மாத்திரையும்

வயதானவர்கள் மலையில் மயங்கி விழுவதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று பழக்கங்கள் இருக்கின்றன. மூன்றும் நல்ல எண்ணத்தில் செய்பவை.

முதலாவது, விரதம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஏறினால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். மாத்திரையையே விட்டுவிட்டு ஏறுவது இதற்கு மாற்று இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திய நாளில் படியேறுவது இதயத்துக்குக் கூடுதல் சுமை. விரதம் இருக்க விரும்பினால் எந்த மாத்திரையை எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ‘வழியில் ஒதுங்க இடமிருக்காது’ என்று முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைக்கும் அம்மாக்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். வயது கூடக்கூடத் தாக உணர்வு மங்கும். கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இதோடு, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையும் எடுக்கிறவர் என்றால் உடம்பில் நீரும் உப்பும் வேகமாக இறங்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடியுங்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதாகித் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் ‘வாயு’ என்று பெயர் வைப்பது. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். மேல் வயிற்றில் அழுத்தம், தாடையிலோ இடது தோளிலோ வலி, காரணமில்லாத வியர்வை, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் இருந்தால் சோடா குடித்துப் பார்க்கிற நேரமில்லை அது. அங்கேயே உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முதலுதவி மாத்திரைகள் தருகிறார்கள். அதை வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருக்கழுக்குன்றத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

நாடித் துடிப்பைப் பார்க்கும் கைக்கடிகாரத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு, உடம்பு களைத்த பின்னும் நாடி அவ்வளவாக ஏறாது. அவர்களுக்குப் பேச்சுதான் அளவுகோல். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் நின்று இளைப்பாறுங்கள்.

[பெட்டிச் செய்தி] பையில் இருக்க வேண்டியவை

இரண்டு தோளிலும் மாட்டும் துணிப் பை ஒன்று போதும். ஒரு கையில் தொங்கும் பை நடையைச் சாய்க்கும். கையில் பாலிதீன் பையும் வேண்டாம். அந்தச் சலசலப்பு கேட்டால் குரங்குகள் தேடி வரும். மொத்தக் கனம் 3, 4 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

● தண்ணீர்: ஒருவருக்கு 1 லிட்டர், இரண்டு பாட்டிலாக
● ஓ.ஆர்.எஸ். பொட்டலம் (பெரிய பொட்டலத்துக்கு 1 லிட்டர் தண்ணீர், பாதிப் பொட்டலம், அரை லிட்டர் என்று கண்ணளவில் கலக்க வேண்டாம்)
● குளுக்கோஸ் அல்லது சர்க்கரை: சர்க்கரை இறங்கினால் 3 தேக்கரண்டி, 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும்
● அன்றைய மாத்திரை, கூடவே ஒரு வேளைக்கு அதிகமாக. இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகாதீர்கள்
● நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: மருத்துவர் எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும். உட்கார்ந்துகொண்டு வையுங்கள், ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும்
● வேர்க்கடலை மிட்டாய், பொரிகடலை, வாழைப்பழம்
● பருத்தித் துண்டு இரண்டு: ஒன்று தலைக்கு, ஒன்று நனைத்துக் கழுத்தில் போட
● ஊன்றுகோல், விசில், சின்ன டார்ச்
● முட்டிப் பட்டை (வழக்கமாகப் போடுகிறவருக்கு), கட்டுத் துணி, பிளாஸ்திரி
● சட்டைப் பையில் ஒரு அட்டை: பெயர், வயது, நோய்கள், மாத்திரைகள், ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண்

தேங்காயும் விளக்கும் அடிவாரத்தில் வாங்கிக்கொள்ளலாம்; வீட்டிலிருந்தே சுமந்து வர வேண்டாம்.

இறங்குமுகம்

ஏறும்போது மூச்சு நம்மை நிறுத்திவிடும். இறங்கும்போது தடுக்க எதுவும் இருக்காது. அதனால்தான் இறக்கத்தில் விழுகிறவர்கள் அதிகம். படி இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல 3 மடங்குக்கும் மேல். 65 கிலோ எடையுள்ளவரின் முட்டி அப்போது சுமார் 200 கிலோவைத் தாங்குகிறது. ஏறிக் களைத்த தொடை அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளாவிட்டால் முட்டி மடங்கிவிடும்.

திருக்கழுக்குன்றத்தில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி. இறங்கும் வழியில்தான் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் அதில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்க்க நின்றது போலவும் ஆகும், தொடைக்கு ஓய்வு கொடுத்தது போலவும் ஆகும். இறக்கத்துக்குப் பாதித் தெம்பையாவது மிச்சம் வையுங்கள். கோலை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு வலிக்கும் காலை வைத்து, மற்றக் காலைச் சேருங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். பக்கவாட்டாக இறங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்தினால் ஒதுங்கி வழிவிடுங்கள். அவர்கள் வேகத்துக்கு நீங்கள் இறங்க வேண்டாம். துணைக்கு வருகிறவர் பக்கத்திலோ ஒரு படி கீழேயோ வர வேண்டும்; முன்னால் போய் அடிவாரத்தில் காத்திருப்பது துணையாகாது. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பெரிய மலைகளுக்கு முன்

திருக்கழுக்குன்றம் ஏறிய தெம்பில் அடுத்த மாதமே கோவை வெள்ளியங்கிரிக்கு டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ஏழு மலை ஏறி இறங்கும் அந்தப் பாதையில் 2024 பருவத்தில் மட்டும் பல பக்தர்கள் உயிரிழந்தார்கள். இதய நோய், மூச்சுத் திணறல் போன்ற கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. நடுவழியில் நெஞ்சுவலி வந்தால் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும், அதற்கே மணிக்கணக்காகும்.

காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம் வேண்டும். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணிக் காட்டுத் தீயில் 23 உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அரசின் 40 பாதைகளும் எளிது, மிதம், கடினம் எனப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அறுபதைத் தாண்டியவர்கள் முதல் பிரிவிலிருந்து தொடங்குவதுதான் முறை. கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏற்றவை. மழை நின்றிருக்கும், வெயில் தொடங்கியிருக்காது.

அடிவாரத்தின் கடமை

இவ்வளவையும் ஏறுகிறவரிடமே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஓர் அம்மா தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறார் என்றால், ‘போகும் வழியில் கழிப்பறை கிடைக்காது’ என்ற பல வருட அனுபவம்தான் அவரை அப்படிச் செய்ய வைக்கிறது. அவரிடம் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லும் உரிமை, சுத்தமான கழிப்பறையைக் கட்டித் திறந்து வைத்தவர்களுக்குத்தான் உண்டு.

பழனியில் ரோப் கார் இருக்கிறது, சோளிங்கரிலும் வந்துவிட்டது. நடக்கவே முடியாதவர்களுக்கு அது வரம். ஆனால் ரோப் கார் வரும்வரை, வந்த பின்னும்கூட, படியேறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியவை கோடிகளில் முடிகிற காரியங்கள் அல்ல. படியின் இரு பக்கமும் இடைவெளியில்லாத கைப்பிடி. குறிப்பிட்ட படிகளுக்கு ஒருமுறை நிழலும் உட்காரத் திண்ணையும். படியோரத்தில் எண், ஏனென்றால் 108-ஐக் கூப்பிடுகிறவர் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். வெயில் நேரத்தில் கால் சுடாமலிருக்கத் தென்னை நார் விரிப்பு. அடிவாரத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு செவிலியர், பௌர்ணமியிலும் திருவிழாவிலுமாவது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிற மாநிலத்துக்கு இது முடியாத காரியம் இல்லை. கோயில் நிர்வாகமும் ஊராட்சி, பேரூராட்சி அமைப்புகளும் சுகாதாரத் துறையும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசினாலே பாதி நடந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போக வேண்டாம் என்று அப்பாவைத் தடுத்தால், ஒன்று அவர் முடங்கிப்போவார், இல்லையென்றால் சொல்லாமல் கிளம்பிவிடுவார். மூன்று மாதம் முன்பே அவரோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். சட்டைப் பையில் வைக்கும் விவர அட்டையை உங்கள் கையால் எழுதுங்கள். மலைக்குக் கூடவே போய், இறங்கும்போது ஒரு படி கீழே நில்லுங்கள். ஆசையோடு ஏறுகிற பெரியவர்கள் பத்திரமாகத் திரும்பி வர, வீடு செய்ய வேண்டியது அவ்வளவுதான். மீதியைச் செய்ய வேண்டியது மலையை நிர்வகிக்கிறவர்கள்.